கணக்குக் காட்டாதவனின் மைத்துனன்

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் ஓர் உறவுமுறைப் பட்டியல் வெட்டப்பட்டிருக்கிறது. ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் ஒருவன். அவனுடைய சின்னம்மா பிள்ளைகள், பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், தாய்மாமன், சித்தப்பன், பெரியப்பன், தகப்பன், மகன், கூடப்பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், மனைவியோடு பிறந்த மைத்துனன், சகோதரியைக் கட்டியவன், சகோதரியின் பிள்ளைகள், மகளைக் கட்டிய மருமகன். ஒரு கல்யாணப் பந்தலில் முன்வரிசையில் உட்காரும் ஆண்கள் அத்தனை பேரும் இதில் அடங்கிவிடுவார்கள். இவர்களில் எவர் பெயரையும் தேர்வுக்கான ஓலையில் எழுதக் கூடாது என்பது விதி. முதலாம் பராந்தக சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921 வாக்கில், ஊர்ச் சபை கூடி இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டது. சபை கூடியபோது அரசனின் அதிகாரி ஒருவரும் உடன் இருந்தார்.

ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் இந்தக் குடவோலை முறையைக் கேள்விப்படாத தமிழ் வாசகர் இருக்க முடியாது. பள்ளிப் பாடத்தில் வந்துவிடும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடியும் உத்தரமேரூரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். மேடையில் பேசுகிறவர்கள் பானையையும் ஓலையையும் ஓலை எடுத்த சிறுவனையும் சொல்லி, உலகுக்கே மக்களாட்சியைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம் என்று முடிப்பார்கள். அது பிராமணர் சபை, நிலம் இருந்தால்தான் இடம், பெண்ணுக்கு இடமே கிடையாது, இதைப் போய் மக்களாட்சி என்பதா என்று மறுதரப்பு கேட்கும். மறுதரப்பு சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் பெருமை பேசுகிறவர்களும் சரி, மறுக்கிறவர்களும் சரி, அந்த மைத்துனனைக் கண்டுகொள்வதில்லை. கணக்குக் காட்டாதவன்மேல் நடவடிக்கை எடுப்பது எந்தக் காலத்திலும் உள்ளதுதான். அவன் மைத்துனனை ஏன் தடுத்தார்கள்?

அதற்கு முன், உள்ளே வருவதற்கே என்ன தகுதி கேட்டார்கள் என்று பார்த்துவிடலாம். கால் வேலிக்கு மேல் இறை, அதாவது வரி, கட்டும் நிலம் வேண்டும். இன்றைய கணக்கில் அது ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் கூடும் என்பார்கள். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். மந்திர பிராமணம் கற்றுப் பிறருக்கு ஓதுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் சொல்ல வல்லவனானால் அரைக்கால் வேலி நிலமே போதும். படிப்பு இருந்தால் சொத்தில் கொஞ்சம் தள்ளுபடி, அவ்வளவுதான்.

இவையெல்லாம் கீழேயிருந்து வருகிறவனைத் தடுக்கும் விதிகள். கூடவே இன்னொரு வகை விதிகளும் அதே சுவரில் இருக்கின்றன. கடந்த மூன்றாண்டில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. பதவிக்காலம் 360 நாள். இடையில் குற்றம் தெரியவந்தால் அப்போதே விலக்கிவிட வேண்டும். பொருள் சேர்த்த வழி நேர்மையானதாக இருக்க வேண்டும். பொய் ஓலை எழுதியவனும் கழுதைமேல் ஏறியவனும் ஆகாது. கழுதை ஏற்றியது ஊரறிய அவமானப்படுத்தும் தண்டனை என்று ஆய்வாளர்கள் பொருள் கொள்கிறார்கள். ஆக, தண்டிக்கப்பட்டவனுக்குப் பதவி இல்லை. கணக்கு எழுதுகிறவனுக்கும் ஒரு கட்டு: தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்படைத்துச் சுத்தன் என்று பெயர் வாங்கும்வரை மறுபடி அந்த வேலைக்கு வர முடியாது, அவன் கணக்கை முடித்துக் கொடுக்க வேறு கணக்கன் உள்ளே நுழையவும் முடியாது. இந்த விதிகள் ஏற்கெனவே மேலே இருப்பவனை மறித்துக் கேள்வி கேட்பவை.

செல்வமும் ஆட்சியும் சேரும் இடத்தில் நேர்மை இருக்கிறதா என்று பார்க்க இந்தப் பாகுபாடு எனக்கு உதவியாக இருக்கிறது. ஒரு சட்டம் யாரைத் தடுக்கிறது, அதை எழுதியவர் அதற்குள் அகப்படுவாரா? உத்தரமேரூர்ச் சபை இரண்டு வகை விதியும் எழுதியது. முதல் வகையை நாம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தூக்கி எறிந்தோம். இரண்டாவது வகையும் அதோடு சேர்ந்து போய்விட்டது என்பதும், பிற்பாடு முதல் வகை மட்டும் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது என்பதும்தான் என் வாதம்.

அந்தச் சபையை ஊராட்சி மன்றமாக நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். பங்குதாரர் கூட்டமாக நினைத்தால் பல விஷயம் விளங்கும். திருநெல்வேலிப் பக்கம் மானூரில் கி.பி. 800 வாக்கில் வெட்டிய பாண்டியர் காலக் கல்வெட்டு இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: ஊரில் பங்கு உடையவர்களின் பிள்ளைகளில், உரிய கல்வியும் ஒழுக்கமும் உள்ளவரே பங்குக்காகச் சபையில் பேசலாம். விலைக்கு வாங்கிய பங்கானாலும் கொடையாக வந்த பங்கானாலும் இதே நிபந்தனை. கொண்டுவந்த யோசனைக்கெல்லாம் ‘அன்று, அன்று’ என்று முட்டுக்கட்டை போடுகிறவனுக்கு ஐந்து காசு தண்டம், அவனுக்கு ஒத்து ஊதுகிறவனுக்கும் அதே தண்டம் என்று ஒரு விதியும் அதில் உண்டு. இன்றைய சட்டமன்றத்தில் அது அமலானால் கஜானா நிரம்பிவிடும்.

நிலப்பங்கு உள்ளவர்கள் கூடி நிலத்தையும் நீரையும் வரியையும் ஆண்டார்கள். உத்தரமேரூரில் கைமாறிய பணம் சிறிதல்ல. பல்லவர் காலத்திலேயே வெட்டிய வைரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரி ஊருக்கு உண்டு. ஏரியில் ஆண்டுதோறும் சேறு எடுக்கச் சபையிடம் பொன்னை முதலாகக் கொடுத்துவைப்பார்கள்; வட்டியிலிருந்து ஏரி வாரியம் வேலையை நடத்த வேண்டும். முதலைப் பிடித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டால் யார் கேட்பது? அரசனுக்குச் சேர வேண்டிய இறையை வசூலித்துக் கட்டும் பொறுப்பும் சபையுடையதே. ஒருவன் விழுங்கினால் மற்றவர்கள் தலையில் விழும். பொன்னின் மாற்றை உரசிப் பார்க்கிறவர்களுக்கென்று தனி விதியே வகுத்தார்கள். உரைகல்லில் தேய்த்த பொன்துகளை ஒற்றியெடுத்த மெழுகை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஏரி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். மெழுகில் ஒட்டும் துகளைக்கூட விடாத கண்காணிப்பு அது. தங்கள் கூட்டத்தாரின் கைவரிசை தெரிந்தவர்கள் எழுதிய விதி.

மைத்துனன் வருவது இங்கேதான். நிலமும் நகையும் கைமாறும் வழி கல்யாண வழிதான். அத்தை வீட்டிலும் மாமன் வீட்டிலும் பெண் கொடுத்து எடுக்கும் சமூகத்தில், ஒருவன் விழுங்கிய ஊர்ப்பணம் போய்ச் சேரும் இடங்களும் அவையே. பினாமி என்ற சொல் வருவதற்கு முன்பே பினாமி இருந்தான். கணக்குக் காட்டாதவனை மட்டும் விலக்கினால் அடுத்த ஆண்டு அவன் மருமகன் பெயர் ஓலையில் இருக்கும். மாமனார் வைத்த பாக்கியை அவன் துருவமாட்டான். சபையாருக்கு இது தெரியும். ஏனென்றால் அவர்கள் எல்லோருமே யாருக்காவது மருமகன்கள்தான்.

சுவரில் இரண்டு கல்வெட்டுகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 12ஆம் ஆட்சியாண்டில், 919 வாக்கில், ஒன்று. இரண்டாண்டு கழித்து இன்னொன்று. முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. உறவினரைப் பற்றி அதில் பொதுப்படையாகத்தான் இருக்கிறது: வாரியம் செய்து ஒழிந்த பெருமக்களுக்கு நெருங்கிய சொந்தமாக இருக்கக் கூடாது என்ற அளவில். இரண்டாவதில்தான் அந்த நீண்ட பட்டியல் வருகிறது. இரண்டே ஆண்டில் விதியை மாற்ற வேண்டி வந்தது ஏன் என்று கல் சொல்லவில்லை. என் ஊகம் எளியது. ‘நெருங்கிய சொந்தம்’ என்று பொதுவாக எழுதினால், நான் அவருக்கு அவ்வளவு நெருக்கமில்லை என்று எவனும் சொல்லலாம். மைத்துனன், அத்தை மகன் என்று பெயர் சொல்லி எழுதிவிட்டால் வாய் திறக்க முடியாது. வாய்மொழியில் தப்பியவர்களைப் பார்த்த பிறகு எழுதிய பட்டியல் போலத்தான் அது தோன்றுகிறது. 1898இல் இந்தக் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு, கல்வெட்டறிஞர் வெங்கய்யாவும் பின்னால் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியும் விரிவாக எழுதிய காலத்திலிருந்து சபையின் ஒழுங்கைத்தான் பலரும் வியந்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கை அவசியமாக்கிய ஒழுங்கீனம் எனக்கு அதைவிடச் சுவையாகத் தெரிகிறது.

ஓலை எடுத்த முறையிலும் அதே சந்தேகம் வேலை செய்கிறது. ஊர் முப்பது குடும்பாக, அதாவது முப்பது வட்டமாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலைகளில் எழுதிக் கட்டாகக் கட்டி, குடும்பின் பெயரெழுதிய வாயோலை பூட்டிக் குடத்தில் இடுவார்கள். பெரிய சபை, சிறியவர் முதல் பெரியவர் வரை, கூடியிருக்க வேண்டும். ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் பாக்கியில்லாமல் மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். வாசித்த பிறகு மண்டபத்திலுள்ள நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். ஐந்து விரலையும் விரிக்கச் சொன்னது எதற்கென்று விளக்கவும் வேண்டுமா? விரலிடுக்கில் வேறோர் ஓலையைச் செருகி வைத்திருந்த மத்தியஸ்தன் ஒருவனை யாரோ பார்த்திருக்க வேண்டும், அல்லது பார்த்ததாகச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இப்படி எடுத்த முப்பது பேரில், தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்பே செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் என்று பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்குப் போவார்கள். பன்னிருவர் தோட்ட வாரியம். மீதி அறுவர் ஏரி வாரியம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியே ஓலை எடுத்தார்கள்.

வாக்கெடுப்பு இருந்தால் பணக்காரன் வாக்கை வாங்கலாம், கடன்பட்டவனை மிரட்டலாம். குடத்தை எதைக் காட்டி மிரட்டுவது? சீட்டுப் போட்டு எடுப்பது மக்களாட்சிக்குரியது, தேர்ந்தெடுப்பது சிலராட்சிக்குரியது என்று கருதப்படுவதாக அரிஸ்டாட்டில் எழுதினார். அவர் பார்த்த ஏதென்ஸிலும் பெரும்பாலான பதவிகளைச் சீட்டிலேயே நிரப்பினார்கள். பதவி முடிந்தவன் கணக்கை ஒப்படைத்து விசாரணைக்கு நின்றாக வேண்டும். அங்கும் பெண்ணும் அடிமையும் வெளியேதான். இரண்டு ஊருக்கும் தொடர்பு தேட வேண்டியதில்லை. சொத்துள்ளவர்கள் ஒரு வேலிக்குள் சமமாக இருக்க முடிவெடுத்துவிட்டால், தங்களில் ஒருவன் மற்றவர்களை விழுங்காமலிருக்க ஏறக்குறைய ஒரே உபாயத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

வேலிக்கு வெளியே இருந்தவர்கள் யார் என்பதையும் கல்வெட்டுகளே சொல்கின்றன, கொஞ்சம் மறைமுகமாக. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகள், ஊருக்கு ஊர் வரி விதிக்காமல் கழித்துவிடும் நிலங்களைக் கணக்கிடும்போது ஊர்நத்தம், கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று அடுக்கிக்கொண்டு போகின்றன. பெயரில்லாத மனிதர்கள் இப்படி நில அளவுக் கணக்கில்தான் தலைகாட்டுகிறார்கள். சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு சொல் வெட்டி. கூலியில்லாமல் செய்து கொடுக்க வேண்டிய உழைப்பு அது. நீர்நிலை வேலைக்கு அதைப் பெருமளவு பயன்படுத்தினார்கள். ‘இறை கட்டும் நிலம் உடையான்’ என்று தகுதி வைக்கும்போது, ஊருக்கு இறுப்பவனுக்கே ஊர்ப்பணத்தில் பேச்சுரிமை என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது. ஏரியில் மண் சுமந்தவன் இறுத்தது உடம்பால். அது இறையாகக் கணக்கில் வரவில்லை.

இதே நியாயத்தை ஆயிரம் ஆண்டு கழித்துப் பிரிட்டிஷார் சென்னை மாகாணத்தில் நடைமுறைப்படுத்தினார்கள். 1919 சட்டத்தின்படி 1920 நவம்பரில் நடந்த தேர்தலில் நிலத்தீர்வை, சொத்து வரி, வருமான வரி கட்டியவர்களுக்கே வாக்கு. மாகாணத்தில் சுமார் நாலேகால் கோடிப் பேர். வாக்காளர் ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம். நூற்றுக்கு மூன்று. நிலச்சுவான்தார்களுக்கும் வணிகர்களுக்கும் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கும் தனித் தொகுதிகள் உண்டு. ஜமீன்தார் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குப் போடலாம். ஒடுக்கப்பட்டோரின் குரலாக எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் போன்றவர்கள் நியமனத்தின் வழியாகவே உள்ளே போக முடிந்தது. இதே காலத்தில் உப்புக்கு வரி இருந்தது. நிலமற்ற கூலிக்காரன் கஞ்சியில் போட்ட உப்புக்கும் வரி கட்டினான். வரி கட்டியவனுக்கு வாக்கு என்றால் உப்புத் தின்ற எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த மூன்று விழுக்காட்டினர் தேர்ந்தெடுத்த சபை தன் வர்க்க நலனுக்காக மட்டுமே இயங்கியது என்று சொன்னால் அநியாயம். பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்து 1921இல் தீர்மானம் போட்டது அதுதான். இந்திய மாகாணங்களில் முன்னோடி. அரசு வேலைகளில் பிராமணரின் ஏகபோகத்தை உடைக்க முதல் வகுப்புவாரி ஆணை வந்ததும் அதே ஆண்டில், நீதிக்கட்சி ஆட்சியில். ஆனால் அந்த வாக்குரிமையும் சொத்துள்ள பெண்ணுக்கு மட்டும். வேலி சற்றே நகர்ந்தது.

வேலியை அடியோடு பிடுங்கியது அரசியலமைப்புச் சட்டம். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அரசியல் நிர்ணய சபையே சொத்து, படிப்பு பார்த்து வழங்கிய வாக்குரிமையால் 1946இல் அமைந்த மாகாணச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தது. அந்தச் சபை வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு என்று எழுதி, தன்னை உருவாக்கிய முறையையே கலைத்தது. இத்தகைய முடிவுகள் வரலாற்றில் அடிக்கடி நடப்பவை அல்ல. 1949 நவம்பர் 26 அன்று நிறைவுரை ஆற்றிய சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் மட்டும் ஒரு குறையைப் பதிவு செய்தார். சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறவர்களுக்குப் பெரிய தகுதிகளைக் கேட்கிறோம். சட்டம் இயற்றுகிறவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்பது அவர் வருத்தம். தகுதி என்றால் படிப்பு என்று நம் மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. கணக்குக் காட்டுவதும் ஒரு தகுதி என்று உத்தரமேரூர்க்காரர்களுக்குத் தோன்றியது.

1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் அந்த யோசனையின் சாயல் இருந்தது. அரசுக்குப் பொருள் வழங்கும் அல்லது வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தத்தில், தானாகவோ தனக்காக வேறொருவர் மூலமாகவோ பங்கோ ஆதாயமோ உள்ளவர் உறுப்பினராக முடியாது என்று அதன் 7ஆம் பிரிவு சொன்னது. ‘வேறொருவர் மூலமாக’ என்பதில்தான் உயிர் இருந்தது. 1958, 1966 திருத்தங்களுக்குப் பிறகு அது 9அ பிரிவாகச் சுருங்கி, உறுப்பினர் தன் தொழில் முறையில் தானே செய்துகொண்ட ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் மட்டும் தடை என்று ஆனது. வேறொருவர் வெளியே போய்விட்டார். ஊரில் சாலை போடும் ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது, அவர் யாருக்கு என்ன உறவு என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் தெரியும். சட்டத்துக்குத் தெரிய வேண்டியதில்லை.

தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாதவர் மூன்றாண்டு போட்டியிட முடியாது என்று 10அ பிரிவு சொல்கிறது. உத்தரமேரூர் விதியின் நேரடி வாரிசு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். ஆனால் இது வேட்பாளராகச் செலவு செய்ததற்கான கணக்கு. பதவியில் இருந்து கையாண்டதற்கான கணக்கு அல்ல.

நீதிமன்றம் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பிடித்தது. 2002, 2003 தீர்ப்புகளால் வேட்பாளர்கள் சொத்தையும் வழக்குகளையும் வெளியிட வேண்டியதாயிற்று. 2018 பிப்ரவரியில் லோக் பிரஹரி வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வரும் அப்துல் நசீரும், வேட்பாளருடையது மட்டுமின்றி மனைவி அல்லது கணவர், அவரைச் சார்ந்திருப்போர் ஆகியோரின் வருமான வழியையும் சொல்ல வேண்டும் என்றார்கள். நல்ல தீர்ப்பு. ஆயினும் ‘சார்ந்திருப்போர்’ என்ற வரையறைக்குள் கட்டிக்கொடுத்த மகளின் கணவர் வரமாட்டார். தனியாகத் தொழில் நடத்தும் மைத்துனர் வரமாட்டார். அத்தை மகன் பேச்சே இல்லை.

ஒருவன் செய்த குற்றத்துக்கு உறவினனைத் தண்டிக்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். குற்றம் அவரவருடையது என்பது நம் சட்டத்தின் அடிப்படை. அதைக் குலைத்து ஆயிரம் ஆண்டுப் பழைய விதியை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. தடை விதிக்காமலே அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் அரசு ஒப்பந்தங்களைப் பகிரங்கப்படுத்தலாம். எந்த உரிமையும் அதனால் பறிபோகாது.

மேலே இருப்பவனை மறிக்கும் விதிகள் இப்படித் தேய்ந்துகொண்டிருக்க, கீழேயிருந்து வருபவனைத் தடுக்கும் வேலையைப் பணம் தானே எடுத்துக்கொண்டது. மக்களவை வேட்பாளரின் செலவு வரம்பு 2014இல் பெரிய மாநிலங்களில் 70 லட்சம் ரூபாய். 2022இல் 95 லட்சம். இது சட்டம் அனுமதிக்கும் தொகை. உண்மையில் ஆகும் தொகையை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பணப்பட்டுவாடா காரணமாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று தமிழ்நாட்டில் தேர்தல்களையே ரத்து செய்ய வேண்டி வந்தது. ஊராட்சித் தலைவர் பதவியைக் கோயில் திருப்பணிக்கு இவ்வளவு தருகிறேன் என்பவருக்கு ஏலத்தில் விடும் ஊர்கள் இருக்கின்றன. ஏலம் கேட்டவர் அந்தப் பணத்தை எங்கிருந்து மீட்பார் என்று ஏலம் விட்டவர்களுக்குத் தெரியாமலில்லை. எழுதப்பட்ட சொத்துத் தகுதியில் ஒரு சௌகரியம் இருந்தது: கால் வேலி என்று அளவாவது சொன்னார்கள்.

சாதியும் சளைக்கவில்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. முறையான தேர்தல் நடந்து தலைவர் பொறுப்பில் நிலைக்க 2006 வரை ஆயிற்று. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் 1997 ஜூனில் கொலையுண்டார். சட்டம் வேலியைப் பிடுங்கிய இடத்தில் ஊர் தன் கையால் மறுபடி நட்டது.

ஊர் நட்டால் சட்டத்தைக் காட்டிப் பிடுங்கலாம். சட்டமே நட்டால்? 2015இல் ஹரியானா சட்டமன்றம் ஊராட்சித் தேர்தலில் நிற்பவர்களுக்குப் புதிய தகுதிகளைக் கொண்டுவந்தது. பொதுப் பிரிவினருக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் தலித்துகளுக்கும் எட்டாம் வகுப்பு, வார்டு உறுப்பினராக நிற்கும் தலித் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்பு. வீட்டில் பயன்பாட்டில் உள்ள கழிப்பறை. கூட்டுறவுக் கடனிலும் மின்கட்டணத்திலும் பாக்கி இருக்கக் கூடாது. படிப்பு, வீடு, பாக்கி: வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரை யாரோ பாதி மட்டும் படித்தது போல இருக்கிறது. உத்தரமேரூரில் பாக்கி என்றால் பதவியில் இருந்தவன் ஊருக்கு வைத்த பாக்கி. ஹரியானாவில் அது விளைச்சல் பொய்த்த குடியானவன் சங்கத்துக்கு வைத்த பாக்கி. ஒரே சொல், நேரெதிர் ஆள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இந்த விதிகளால் தலித் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் போட்டியிடவே முடியாமல் போகும் என்று மனுதாரர்கள் வாதிட்டார்கள். 2015 டிசம்பர் 10 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் சாப்ரேயும் சட்டம் செல்லும் என்றார்கள். நல்லது கெட்டது பிரித்தறியும் ஆற்றலைத் தருவது கல்வியே என்று தீர்ப்பு சொன்னது. பள்ளிக்கூடம் கிடைக்காததும் கழிப்பறை கட்டக் காசில்லாததும் யாருடைய குற்றம் என்ற கேள்விக்கு அதில் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. இதே செலமேஸ்வர்தான் இரண்டேகால் ஆண்டு கழித்து லோக் பிரஹரி தீர்ப்பை வழங்கினார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

ராஜஸ்தானிலும் ஊராட்சிகளுக்கு இதே போன்ற படிப்புத் தகுதி 2014 டிசம்பரில் அவசரச் சட்டமாக வந்தது. ஆட்சி மாறியபின் 2019இல் விலக்கிக்கொண்டார்கள். ஹரியானாவில் விலக்கவில்லை. அங்கே மின்கட்டணம் பாக்கி வைத்த கூலிக்காரர் தன் ஊரின் வார்டு உறுப்பினராக முடியாது. பத்தாம் வகுப்பு படிக்காத பொதுப் பிரிவு ஆண் சர்பஞ்ச், அதாவது ஊராட்சித் தலைவர், பதவிக்கு மனுப் போட முடியாது. இந்தத் தகுதிகளில் ஒன்றுகூட, அவற்றை வகுத்த சட்டமன்றத்துக்குப் போட்டியிடுகிறவர்களிடம் கேட்கப்படுவதில்லை.